சுமாக் கன்னு கழிச்ச கையில கொப்புளம்: புடுங்கி எறியணுமா?

கோபி தோட்டத்தான்:
வணக்கமுங்க. போன வருசம் ஒரு நர்சரியில சுமாக்குன்னு சொல்லி ஒரு கன்னு வாங்கி, தோட்டத்துச் சாளை வாசல்ல வெச்சேன். இடுப்பளவு வந்திருக்குது. ஞாயித்துக்கெழமை அதுல ரெண்டு கொப்பு கழிச்சேன். செவ்வாக்கெழமை காலைல ரெண்டு கையும் தடிச்சு, நீர்க்கொப்புளமா ஆயிருச்சுங்க. இந்தச் சாதியில விஷச் செடியும் உண்டாமே? பேத்தி அங்கதான் விளையாடுவா, பயமா இருக்குதுங்க.

ஏற்காட்டுச் செடிக்காரர்:
அவசரப்பட்டுப் புடுங்காதீங்க. கையுறை போட்டுட்டு பார்த்துச் சொல்லுங்க. இளங்கொப்பு வழுவழுப்பா, ரோமமா? இலையோரம் ரம்பப்பல்லா, சமமா? ஒரு ஈர்க்குல எத்தனை சிற்றிலை?

கோபி தோட்டத்தான்:
கொப்பெல்லாம் வெல்வெட் துணியாட்ட மெத்துனு இருக்குதுங்க. ஓரம் பல்லுப்பல்லா. எண்ணுனதுல 17. பார்த்தா பெருமரத்துக் கன்னாட்டவே இருக்குது.

ஏற்காட்டுச் செடிக்காரர்:
பெருமரத்து இலையைக் கசக்குனா நாத்தம் தாங்காது, அதுல குழப்பமே வராது. நீங்க சொல்ற அடையாளம் வட அமெரிக்காவோட மான்கொம்புச் சுமாக். பெண்மரமா இருந்தா செகப்புக் காய்க்கொத்து மேல பார்த்து நிமிர்ந்து நிக்கும். அரபுச் சாப்பாட்டுக் கடையில தூவுற புளிப்புப் பொடியும் இதே இனத்து வேறொரு செடியோட காய்தான். விஷச் சுமாக் அமெரிக்கச் சதுப்புக்காடுகள்ல வளர்றது. 7 முதல் 13 சிற்றிலை, ஓரத்துல பல்லு கிடையாது, கொப்புல ரோமம் இல்ல, காய் வெளுப்பா தொங்கும். அழகுக்குன்னு வர்றதுல கவனிக்க வேண்டியது கிழக்காசிய மெழுகு மரம். அதுவும் பல்லில்லாத வழுவழு இலை, விஷச் சுமாக்ல இருக்கற, தோலைக் கொப்புளிக்க வைக்கற உரூசியோல்ங்கற எண்ணெய் அதோட பால்லயும் உண்டு.

தாராபுரத்து அக்கா:
தம்பி, அன்னிக்கு வேற ஏதாச்சும் வெட்டுனீங்களா?

கோபி தோட்டத்தான்:
ஆமாங்க்கா, காய்ப்பு முடிஞ்ச செந்தூரா மாமரத்தையும் கழிச்சேன். பால் முழங்கை வரைக்கும் வழிஞ்சுது.

தாராபுரத்து அக்கா:
அதாத்தான் இருக்கும். மா, முந்திரி, சேராங்கொட்டை, சுமாக் எல்லாம் ஒரே குடும்பம். எங்கப்பாருக்குச் சேராங்கொட்டை பட்டுக் கை வீங்கிருச்சு, அப்பறம் மாங்காத் தோல் பட்டாலே உதடு தடிக்கும். பால் பட்டு ஒண்ணு ரெண்டு நாள் கழிச்சுத்தான் கொப்புளம் எழும்பும், அதனால எது பட்டுதுன்னே தெரியாம நாம வேற ஒண்ண பழி சொல்லுவோம். கத்தி, சட்டை, மம்பட்டிப் பிடி எல்லாத்தையும் சோப்புப் போட்டுக் கழுவுங்க. கொப்புளத்தை உடைக்காதீங்க. முகத்துக்கோ கண்ணுக்கோ பரவுனா அன்னிக்கே டாக்டர்கிட்டப் போயிருங்க.

கோபி தோட்டத்தான்:
கத்தியை இன்னும் கழுவலைங்க்கா, இப்பவே கழுவறேன். செடி அங்கயே இருக்கலாமுங்களா?

ஏற்காட்டுச் செடிக்காரர்:
இருக்கட்டும், ஆனா வாசல்லயிருந்து தள்ளி வேலியோரமா மாத்துங்க. வேர்லருந்து நாலாப்பக்கமும் கன்னு வெடிச்சுட்டே போகும். மேட்டுப் பாங்கான, தண்ணி நிக்காத இடம், முழு வெயில் பிடிக்கும். படத்துல பார்க்கற அந்தச் செந்தூர நெறத்துக்கு இலையுதிர்காலக் குளிர் வேணும், கோபியில அதை எதிர்பார்க்காதீங்க. இதோட பாலும் சிலருக்கு லேசா உறுத்தும், கழிக்கறப்பக் கையுறை போட்டுக்கங்க.