கதிரின் முதல் நாளுக்கு எத்தனை ஸ்ப்ரே?

குழு: நம்ம வீடு

சனிக்கிழமை

கதிர்: அத்தை, எழுந்துவிட்டீர்களா? திங்கள்கிழமை வேலையில் சேருகிறேன் இல்லையா, சித்தப்பா கொடுத்த கோலோனை நேற்றுதான் திறந்தேன். அதை எப்படிப் போட்டுக்கொள்வது என்றே எனக்குச் சரியாகத் தெரியவில்லை.

அம்மா: திறந்தேன் என்கிறான். சட்டையின் மேல் ஏழெட்டுத் தடவை அடித்தான். கூடத்தில் உட்கார்ந்திருந்த மாமாவுக்குத் தும்மல் நிற்கவே இல்லை.

தாத்தா: தும்மல் போகட்டும், மதியம் வரை தலை வலித்தது.

கதிர்: மன்னித்துவிடுங்கள் தாத்தா. அடித்த அஞ்சு நிமிஷத்தில் எனக்கு வாசனையே தெரியவில்லை. போய்விட்டது என்று நினைத்துத்தான் மறுபடி மறுபடி அடித்தேன்.

அத்தை: அங்கேதான் தப்பு நடந்திருக்கிறது கண்ணா. வாசனை போகவில்லை, உன் மூக்கு அதற்குப் பழகிவிட்டது. இன்னொருவர் வீட்டுக்குள் நுழைந்ததும் அந்த வீட்டின் வாசனை நமக்குத் தெரிகிறது, அங்கேயே இருப்பவர்களுக்குத் தெரிவதில்லை பார், அதே மாதிரிதான். உன் மூக்கை வைத்து அளவு பார்க்காதே. போட்டு அரை மணி நேரம் கழித்து வேறு யாரையாவது கேள். வெளியே போய்விட்டு அப்போதுதான் உள்ளே வந்தவராக இருந்தால் இன்னும் நல்லது.

நிலா: நான் சொல்கிறேன் அண்ணா. உள்ளதை உள்ளபடி சொல்வேன்.

அத்தை: முதலில் பாட்டிலில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துச் சொல்.

கதிர்: ஓ டி பர்ஃபம் என்று இருக்கிறது. அப்படியென்றால் இது கோலோன் இல்லையா?

அத்தை: ஆண்கள் போடும் சென்ட் எல்லாவற்றையும் பேச்சுவாக்கில் கோலோன் என்று சொல்லிவிடுகிறோம். உண்மையில் ஓ டி கோலோன் என்பது லேசான வகை, வாசனை எண்ணெய் 2 முதல் 5 சதவீதம் வரைதான் இருக்கும். ஓ டி டாய்லெட்டில் 5 முதல் 15 வரை. உன்னுடையதில் 15 முதல் 20 வரை இருக்கலாம். கம்பெனிக்குக் கம்பெனி கொஞ்சம் மாறும். மீதி பெரும்பாலும் ஆல்கஹால். அசல் கோலோனைக் கையில் ஊற்றித் தாராளமாகத் தடவிக்கொள்ளலாம், ஓரிரண்டு மணி நேரத்தில் போய்விடும். அந்தக் கணக்கை ஓ டி பர்ஃபத்துக்குப் போட்டால் நேற்று மாதிரிதான் ஆகும். உனக்கு இரண்டு ஸ்ப்ரே போதும்.

தாத்தா: கோலோன் ஜெர்மனியில் ஒரு ஊர் அல்லவா?

அத்தை: ஆமாம் அப்பா. அந்த ஊரில் குடியேறிய ஜொஹான் மரியா ஃபரினா என்ற இத்தாலியர்தான் தன் சென்ட்டுக்கு அந்த ஊர்ப் பெயரை வைத்தார். 1709-இல் தொடங்கிய ஃபரினா நிறுவனம் இன்னும் இருக்கிறது. மழை விட்ட பிறகு இத்தாலியில் விடியும் வசந்தகாலக் காலை மாதிரி ஒரு வாசனை கிடைத்திருக்கிறது என்று அவர் தன் சகோதரருக்குக் கடிதம் எழுதினாராம். அதைப் படித்ததிலிருந்து எனக்குச் சென்ட் என்றாலே அந்த ஈரக்காற்று ஞாபகம்தான். அறை முழுக்க நிறைய வேண்டியதே இல்லை.

சித்தப்பா: நான் மேலே தூவிவிட்டு அந்தப் புகைக்குள் நடந்து போவேன். எல்லா இடத்திலும் சமமாகப் படும் என்று சொல்வார்களே அக்கா?

அத்தை: அதில் நிறைய தரையில்தான் விழும். உடம்பில் படுவதும் எங்கே பட்டது என்று தெரியாது. நேராகத் தோலில் போடுவதுதான் சரி. கதிர், குளித்துத் துவட்டியதும் போடு, வியர்வையின் மேல் போடாதே. தோல் வறண்டிருந்தால் வாசனை சீக்கிரம் போய்விடும், அதனால் வாசனையில்லாத மாய்ஸ்சரைசரை முதலில் கொஞ்சம் தடவிக்கொள். அப்புறம் பாட்டிலை ஒரு சாண் தள்ளிப் பிடித்து, காதுக்குக் கீழே கழுத்துப் பக்கம் ஒன்று, நெஞ்சில் ஒன்று. அது காய்ந்த பிறகு சட்டையைப் போடு.

கதிர்: மணிக்கட்டில்? எல்லோரும் அங்கே அடித்து இரண்டு கையையும் தேய்ப்பார்களே.

அத்தை: மணிக்கட்டில் போடலாம், தேய்க்க வேண்டாம். ஒரு சென்ட்டுக்குள் இருப்பதெல்லாம் ஒரே வேகத்தில் ஆவியாவதில்லை. எலுமிச்சை, ஆரஞ்சுத் தோல் மாதிரி வாசனைகள் முதலில் வரும், கால் மணி அரை மணியில் போய்விடும். அப்புறம் பூ வாசனைகள். சந்தனம், கஸ்தூரி, வெனிலா எல்லாம் கடைசியில் வந்து சாயங்காலம் வரைகூட நிற்கும். தேய்த்தால் அந்த முதல் வாசனை இன்னும் வேகமாகப் பறந்துவிடும். இன்னொன்று, வாங்கும்போது அட்டையில் முகர்ந்து உடனே முடிவு செய்யாதே. தோலில் போட்டுக்கொண்டு இரண்டு மணி நேரம் சுற்றிவிட்டு வா. நாள் முழுக்க உன்னோடு இருக்கப் போவது அந்தக் கடைசி வாசனைதான்.

அம்மா: சட்டையில் அடித்தால் அதிக நேரம் நிற்கிறதே?

அத்தை: நிற்கும் அண்ணி, ஆனால் வெள்ளைத் துணியிலும் பட்டிலும் கறை விழலாம். தோலின் சூட்டில் வாசனை மெல்ல மெல்ல மாறுவது துணியில் அந்த அளவு தெரியாது. முத்து நகை போடுகிறவர்கள் சென்ட் காய்ந்த பிறகுதான் நகையைப் போட வேண்டும், முத்தின் மினுமினுப்பு போய்விடும்.

அம்மா: இவன் ஷேவ் பண்ணிய கையோடு கன்னத்தில் தட்டிக்கொள்கிறான்.

அத்தை: அது வேண்டாம் கதிர். ஷேவ் செய்த தோலில் கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் இருக்கும், ஆல்கஹால் பட்டால் எரியும். புது சென்ட் என்பதால் முழங்கைக்கு உள்பக்கம் ஒரு சொட்டு போட்டு ஒரு நாள் பார். சிவந்தாலோ அரித்தாலோ விட்டுவிடு. இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். கல்லூரி படிக்கும்போது கழுத்தில் தாராளமாகப் போட்டுக்கொண்டு நாள் முழுக்க வெயிலில் நின்றேன். சில நாளில் சொட்டு வழிந்த தடத்திலேயே ஒரு பழுப்புக் கோடு, காதுக்குக் கீழே தொடங்கித் தோள்பட்டை வரை. எவ்வளவு தேய்த்துக் கழுவியும் போகவில்லை. தோல் டாக்டர் பார்த்ததும் சொல்லிவிட்டார், பெர்கமாட் என்ற பழத்தின் தோல் எண்ணெயில் உள்ள பெர்காப்டென் என்ற பொருள் வெயிலோடு சேர்ந்து தோலைப் புண்ணாக்கிவிட்டதாம். அது மங்கப் பல மாதம் ஆனது. இப்போது பல தயாரிப்புகளில் அதை நீக்கிய எண்ணெயைத்தான் சேர்க்கிறார்கள், ஆனாலும் வெயிலில் போகிற நாளில் நான் சட்டை மறைக்கிற இடத்தில்தான் போடுகிறேன். நீயும் அப்படியே செய்.

தாத்தா: அந்தக் கோடு எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. எத்தனை நாள் அழுதாய் அம்மா.

கதிர்: எனக்கு இது தெரியவே தெரியாது அத்தை. சரி, நெஞ்சில் மட்டும் போடுகிறேன்.

அத்தை: ஆபீஸ் விஷயமும் ஒன்று சொல்கிறேன். மூடிய அறை, லிஃப்ட், பக்கத்துப் பக்கத்து நாற்காலி. ஆஸ்துமா இருப்பவர், ஒற்றைத் தலைவலி இருப்பவர் யாராவது அங்கே இருப்பார்கள். புதிதாக வந்த பையனிடம் அவர்கள் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள், சகித்துக்கொள்வார்கள். அதை நினைத்தால் எனக்கு மனசு கேட்காது. கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் இருப்பவருக்குத் தெரிந்தால் போதும். சில இடங்களில் வாசனையே போடக் கூடாது என்று விதி உண்டு, முதல் நாளே கேட்டுக்கொள். ஆஸ்பத்திரிக்கு யாரையாவது பார்க்கப் போகிற அன்று போடவே போடாதே.

சித்தப்பா: பாட்டிலை எங்கே வைப்பது? நான் குளியலறை அலமாரியில்தான் வைக்கிறேன்.

அத்தை: அங்கே வேண்டாம்டா, சூடும் ஈரமும் மாறி மாறி வரும். ஜன்னலோரமும் வேண்டாம். அது வந்த டப்பாவிலேயே போட்டு பீரோவுக்குள் வை. எரிகிற அடுப்பு, மெழுகுவத்தி பக்கத்தில் ஸ்ப்ரே பண்ணாதே, ஆல்கஹால் சட்டென்று தீப்பிடிக்கும்.

ஞாயிற்றுக்கிழமை

கதிர்: நேற்று முழங்கையில் போட்ட சொட்டு ஒன்றும் செய்யவில்லை அத்தை. இன்று குளித்ததும் நெஞ்சில் இரண்டு ஸ்ப்ரே, காயவிட்டுச் சட்டை. அரை மணி ஆகிவிட்டது. எனக்கு ஒன்றுமே தெரியவில்லை, ஆனால் மறுபடி அடிக்கவில்லை.

நிலா: நான் இப்போதுதான் வெளியிலிருந்து வந்தேன். வாசலில் ஒன்றும் தெரியவில்லை. சார்ஜரை வாங்க அண்ணா பக்கத்தில் போனபோது லேசாகச் சந்தன வாசனை வந்தது. நன்றாக இருக்கிறது.

அத்தை: அப்பா, உங்களுக்கு?

தாத்தா: பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறான். பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறேன், தும்மல் இல்லை. நாளைக்கும் இதே அளவு போட்டுக்கொண்டு போகட்டும்.