பெங்களூரில் 9 கோர்ஸ் டேஸ்டிங் மெனு: கிருஷ்ணகிரியிலிருந்து போறோம், என்னென்ன கவனிக்கணும்?

பழையபேட்டை_வாசி:
வணக்கம். அடுத்த மாசம் ஒரு சனிக்கிழமை ராத்திரி நானும் என் சிநேகிதியும் பெங்களூரில் ஒரு பெரிய ரெஸ்டாரன்டில் 9 கோர்ஸ் டேஸ்டிங் மெனு (சமையல்காரரே தேர்ந்தெடுத்து, ஒண்ணுக்கு அப்புறம் ஒண்ணா அனுப்புற 9 சின்னத் தட்டுகள்) சாப்பிடப் போறோம். டேபிள் 7.30க்கு. ஆளுக்கு 4,000 ரூபாய், வரி தனி. அவள் சைவம், நிலக்கடலை ஒத்துக்காது. நான் எல்லாம் சாப்பிடுவேன். ரெண்டு பேருமே மது தொடுறதில்லை. காரில் போய் அன்னைக்கே திரும்பணும். முன்னாடியே என்ன சொல்லி வைக்கணும், வயிறு நிறையுமா, பில் எவ்வளவில் வந்து நிற்கும்?

ஓசூர்_அடுப்படி:
கடலை விஷயத்தை முதல்ல முடிச்சிடுங்க. புக் பண்ணும்போதே ஒரு தடவை, 48 மணி நேரத்துக்கு முன்னாடி ஒரு தடவை, டேபிளில் உட்கார்ந்ததும் பரிமாறுறவரிடம் ஒரு தடவை. மூணு தடவையும் சொல்லணும். "பிடிக்காது"ன்னு சொல்லாதீங்க, "அலர்ஜி"ன்னே சொல்லுங்க. பிடிக்காதுன்னா மேலே தூவுற பொடியை மட்டும் நிறுத்துவாங்க. அலர்ஜின்னா தனிப் பலகை, தனிக் கத்தி எடுப்பாங்க. எண்ணெயையும் கேளுங்க. மரச்செக்குக் கடலை எண்ணெயில் கடலையின் புரதம் தங்கியிருக்கும், அதுதான் ஆபத்து. டாக்டர் எழுதிக்கொடுத்த மருந்து இருந்தா அது கைப்பையில் இருக்கணும், காரில் இல்லை.

"சைவம்"ங்கிற ஒரு சொல்லும் போதாது. முட்டை ஆகுமா? ஜெலட்டின்? இனிப்பு கோர்ஸில் ஜெல்லி மாதிரி தளதளன்னு ஆடுறது பல இடத்தில் ஜெலட்டின்தான், அது மாட்டுத் தோல், எலும்பு, பன்றித்தோல் இதிலிருந்து வர்றது. கடற்பாசி அகர் போட்டுச் செய்ய முடியும், ஆனா அதை முன்னாடியே உறைய வைக்கணும். சூப்பும் அப்படித்தான், எலும்பு வேகவைத்த சாறில் செஞ்சிருந்தா காய்கறியை மட்டும் மாத்திப் பலன் இல்லை.

அன்னைக்குப் போய்ச் சொன்னா ஏன் நடக்காதுன்னா, டேஸ்டிங் மெனுவில் எல்லாமே தலை எண்ணிச் செய்யறது. 12 பேர் வர்றாங்கன்னா 12 பங்கு, கூட ஒண்ணோ ரெண்டோ. சாஸுக்கான சாறு முந்தின நாளே அடுப்பில் ஏறியிருக்கும். கடைசி நேரத்தில் மாத்தச் சொன்னா அவள் தட்டுக்கு வெறும் வதக்கின காய்தான் வரும், கொடுக்கிற காசு அதேதான்.

இன்னொண்ணு: டேபிளில் இருக்கிற எல்லாரும் டேஸ்டிங் மெனுதான் எடுக்கணும்னு நிறைய இடத்தில் விதி. தட்டுகள் ஒரே நேரத்தில் வரணுமே. சைவ மெனுவும் அசைவ மெனுவும் கலந்து எடுக்கலாம், பிரச்சினை இல்லை.

தென்பெண்ணைக்கரை:
வயிறு நிறையும். ஒரு கோர்ஸ் சுமார் 40 முதல் 70 கிராம். ஒன்பதும் சேர்ந்தா அரைக் கிலோ பக்கம் வரும், அதில் வெண்ணெயும் கிரீமும் தாராளமா இருக்கும். பட்டினி கிடந்து போறதுதான் தப்பு. பசியில் முதல்ல வர்ற பிரெட்டையும் வெண்ணெயையும் காலி பண்ணிட்டு, ஆறாவது தட்டில் மூச்சு வாங்கும், நல்ல பதார்த்தங்கள் வர்றதே அங்கேதான். மதியம் 1 மணிக்கு ரசம் சாதம் அளவில் நிறுத்திக்குங்க, 5 மணிக்கு ஒரு வாழைப்பழம். பிரெட்டில் பாதி போதும்.

கிளம்பினதிலிருந்து வெற்றிலை பாக்கு வேண்டாம். பாக்கின் துவர்ப்பு நாக்கில் ஒட்டிக்கிட்டா மென்மையான முதல் மூணு கோர்ஸும் ஒண்ணும் தெரியாது. அத்தர், சென்ட் கனமா போடாதீங்க, ருசியில் பெரும்பங்கு மூக்குதான்.

தட்டு வந்ததும் சாப்பிடுங்க. சில தட்டில் மேலே வைக்கிற நுரை ரெண்டு நிமிஷத்தில் அடங்கிடும். மொறுமொறு கிண்ணத்தில் ஈரமான பூரணம் வைச்சது பானிபூரி மாதிரிதான், நாலு நிமிஷம் விட்டா தொய்ஞ்சு போகும். போட்டோ ஒண்ணு, ஃபிளாஷ் இல்லாம. கழிவறைக்குப் போகணும்னா ஒரு தட்டு எடுத்ததும் சொல்லிட்டுப் போங்க. சொல்லாம போனா, அடுத்த தட்டு அடுப்படியில் சூடு காக்கிற விளக்குக்கு அடியில் காய்ஞ்சுக்கிட்டு நிக்கும். நடுவில் புளிப்பா ஒரு ஸ்பூன் ஐஸ் வந்தா அது இனிப்பு இல்லை, நாக்கைக் கழுவறதுக்கு.

இப்படிக் கோர்ஸ் கோர்ஸா பரிமாறுறது நம்ம சாப்பாட்டுக்கும் எவ்வளவு அழகா பொருந்தும்னு பார்க்கணும்னா சென்னை ஐடிசி கிராண்ட் சோழா ஹோட்டலில் இருக்கிற அவர்த்தனா ரெஸ்டாரன்டுக்கு ஒரு தடவை போங்க. அங்கே தக்காளி ரசம் மார்ட்டினி கிளாஸில் வரும். கண்ணாடி மாதிரி தெளிஞ்ச ரசத்தை, வாசனைப் பொருள் போட்ட பிரெஞ்ச் பிரஸ்ஸில் (காபியை அழுத்தி வடிகட்டுற கண்ணாடிக் குடுவை) நம்ம முன்னாடியே அழுத்தி ஊத்துவாங்க. வாய்க்கு வர்றதுக்கு முன்னாடி வாசனை வந்துடும். ரசத்துக்கு அதைவிட மரியாதை வேற இல்லை.

அத்திப்பள்ளி_டோல்:
7.30க்கு டேபிள்னா கிருஷ்ணகிரியில் 4 மணிக்கே வண்டி எடுங்க. தூரம் 90 கிலோமீட்டர்தான், ஆனா சனிக்கிழமை சாயங்காலம் ஓசூர் தாண்டினா பெங்களூர் சில்க் போர்டு ஜங்ஷன் வரைக்கும் நெரிசல்தான். எலக்ட்ரானிக் சிட்டி மேம்பாலத்தில் ஏறிடுங்க. தாமதமானா உடனே போன் பண்ணுங்க, 20 நிமிஷத்துக்கு மேலே போனா கோர்ஸுகளை அவசரமா தள்ளுவாங்க. கோர்ஸுக்கு 15 முதல் 20 நிமிஷம்னா பத்தரை ஆகும், வீட்டுக்கு வந்து சேர ராத்திரி ஒரு மணி ஆகிடும்.

பில்: ரெண்டு பேருக்கு 8,000. தனி ரெஸ்டாரன்ட்னா ஜிஎஸ்டி 5%, மொத்தம் 8,400. அறை வாடகை 7,500க்கு மேலே இருக்கிற ஹோட்டலுக்குள்ளே இருந்தா 18%, 9,440. சர்வீஸ் சார்ஜ் கட்டாயம் இல்லை. 2022 ஜூலையில் நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வழிகாட்டுதல் போட்டது, 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. பில்லில் இருந்தா எடுக்கச் சொல்லலாம். கவனிப்பு நல்லா இருந்தா டிப்ஸைக் கையில் கொடுங்க.

மது இல்லாத பேரிங் (தட்டுகளுக்குப் பொருத்தமா வர்ற பானங்கள்) வெச்சிருந்தா ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒண்ணே ஒண்ணு வாங்கிப் பகிர்ந்துக்குங்க. பழச்சாறு, கொம்புச்சா (புளிக்க வெச்ச டீ)ன்னு அஞ்சு கிளாஸ் வரும், தனித்தனியா எடுத்தா சர்க்கரையே வயித்தை அடைச்சிடும்.

பழையபேட்டை_வாசி:
ரொம்ப நன்றிங்க. அவள் கொஞ்சமாத்தான் சாப்பிடுவாள். மிச்சத்தைப் பார்சல் வாங்கலாமா?

ஓசூர்_அடுப்படி:
தட்டில் வர்றதைக் கட்டித் தர மாட்டாங்க, தந்தாலும் ஓசூர் வர்றதுக்குள்ளே கூழ் ஆகிடும். கடைசியில் காபியோட வர்ற குட்டி இனிப்புகள் மட்டும் தாங்கும், கேட்டா டப்பாவில் போட்டுத் தருவாங்க. அதிலேயும் கடலை இல்லையான்னு கேட்டுட்டு வாங்குங்க.