ரெண்டாம் அலெக்சாந்தர் கொடுத்தது நிஜமான விடுதலையா?

மாறன்77:
ரஷ்ய வரலாறு இப்பதான் படிக்க ஆரம்பிச்சிருக்கேன். ஜார் ரெண்டாம் அலெக்சாந்தர் 1861ல பண்ணையடிமை முறையை ஒழிச்சாரு, கோர்ட்டு, ராணுவம், உள்ளாட்சின்னு எல்லாத்தையும் மாத்தினாரு. ஆனா அதே மனுஷனை 1881ல குண்டு போட்டு கொன்னிருக்காங்க. இவ்ளோ பண்ணினவர் மேல ஏன் அவ்ளோ கோவம்? யாராவது விளக்குங்களேன்.

பழைய ஏடு:
விடுதலை நிஜம்தான் தம்பி, அதை குறைச்சு சொல்லக்கூடாது. 2 கோடிக்கு மேல ஜனம், நேத்து வரைக்கும் கல்யாணத்துக்குக்கூட எஜமான் சம்மதம் கேட்டு நின்னவங்க, இனிமே சொந்தமா சொத்து வாங்கலாம், கேஸ் போடலாம். ஆனா நிலம்? அங்கதான் வயிறெரியுது. தலைமுறை தலைமுறையா உழுத நிலத்துக்கு விவசாயியே விலை கொடுக்கணும். அந்த விலையில பெரும்பகுதியை அரசாங்கம் பிரபுக்களுக்கு கடன் பத்திரங்களா கொடுத்துட்டு, விவசாயிகிட்ட வருஷத்துக்கு 6 சதவீதம்னு 49 வருஷம் வசூல் பண்ணுச்சு. கணக்கு போட்டு பாருங்க, 100 ரூபிள் கடனுக்கு மொத்தம் 294 ரூபிள். அதுலயும் நிறைய இடத்துல நிலத்தோட மதிப்பையே ஏத்தி வச்சிருந்தாங்க, கருப்பு மண் பகுதியில முன்னாடி உழுத நிலத்துலயே ஒரு பங்கை வெட்டி பிரபு எடுத்துக்கிட்டாரு. ஒருத்தன் கட்டலைன்னா ஊரே சேர்ந்து கட்டணும், அதனால 'மிர்'ங்கிற ஊர்க்கூட்டம் சம்மதிக்காம யாரும் ஊரை விட்டு வேலைக்குக்கூட போக முடியாது. இந்த தவணை நின்னது 1907லதான்.

கசான் பக்கம் பெஸ்த்னான்னு ஒரு கிராமம். ஜார் முழு விடுதலை கொடுத்துட்டாரு, பிரபுக்கள்தான் மறைக்கிறாங்கன்னு அந்தோன் பெத்ரோவ்ங்கிற விவசாயி சட்டத்தை வாசிச்சு சொல்ல, சுத்துப்பட்டு ஜனம் அவர் வீட்டு முன்னாடி கூடிருச்சு. 1861 ஏப்ரல்லயே பட்டாளம் வந்து சுட்டுச்சு, நிறைய பேர் செத்தாங்க. பெத்ரோவையும் அப்புறம் சுட்டுக்கொன்னாங்க. படிக்கும்போது மனசு தாங்கல.

கோட்டையூர் வக்கீல்:
ஏடு சொல்றது எல்லாம் சரி, ஆனா 1864 நீதிமன்ற சீர்திருத்தத்தையும் சேர்த்து பாக்கணும். அதுக்கு முன்னாடி மூடின கதவுக்குள்ள காகிதத்தை வச்சே தீர்ப்பு. அதுக்கப்புறம் திறந்த கோர்ட்டு, வக்கீல், ஜூரி. எவ்ளோ நிஜமா மாறுச்சுன்னா, ஒரு கைதிக்கு கசையடி கொடுக்க சொன்னதுக்காக பீட்டர்ஸ்பர்க் கவர்னர் த்ரேப்போவையே வேரா சசூலிச் சுட்டாங்க, 1878ல ஜூரி அவங்களை குற்றவாளி இல்லைன்னு விட்டுருச்சு! உடனே அரசாங்கம் பயந்து அந்த மாதிரி வழக்குகளை ஜூரிகிட்ட இருந்து பிடுங்கிருச்சு. ராணுவத்துலயும் பாருங்க, ஒருகாலத்துல 25 வருஷம், பிள்ளையை அனுப்பும்போது செத்த வீடு மாதிரி ஒப்பாரி வைப்பாங்களாம். 1874ல போர் அமைச்சர் மிலியூத்தின் அதை 6 வருஷமாக்கி, பணக்காரன் ஏழைன்னு இல்லாம எல்லா வகுப்புக்கும் பொதுவாக்கினாரு.

மாறன்77:
ரொம்ப நன்றி ரெண்டு பேருக்கும். அப்ப கொன்னவங்க கேட்டது நிலமா?

பழைய ஏடு:
நிலமும்தான், ஆனா முக்கியமா ஜனங்க தேர்ந்தெடுத்த சபை. 'ஜெம்ஸ்த்வோ'ன்னு 1864ல உள்ளாட்சி கொடுத்தாங்க, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, ரோடு எல்லாம் அது பாத்துக்கிச்சு, கிராமத்துக்கு டாக்டர் வந்ததே அதனாலதான். ஆனா நாட்டுக்கு மேல்மட்டத்துல எதுவும் இல்ல, அதிகாரம் மொத்தமும் ஜார் கையில. கேட்டா ஜெயில், சைபீரியா. அதுல வெறுத்துப்போன இளசுங்க 1879ல 'மக்கள் விருப்பம்'னு ரகசிய அமைப்பு ஆரம்பிச்சாங்க.

எனக்கு ஆறாத விஷயம் ஒண்ணு. ஜெம்ஸ்த்வோ பிரதிநிதிகளையும் சட்ட ஆலோசனைக்கு கூப்பிடலாம்னு அமைச்சர் லோரிஸ் மெலிக்கோவ் போட்ட திட்டத்துக்கு ஜார் ஒப்புதல் கொடுத்தது, கொல்லப்பட்ட அன்னைக்கு காலையில. பார்லிமெண்டு இல்ல, முன்னால எடுத்து வச்ச சின்ன அடிதான், ஆனாலும் முன்னேற்றம். மத்தியானம் முதல் குண்டுக்கு தப்பிச்சவர் அடிபட்டவங்களை பாக்க வண்டியை விட்டு இறங்கினாரு, ரெண்டாவது குண்டு. மகன் மூணாம் அலெக்சாந்தர் அந்த திட்டத்தை அப்படியே கைவிட்டுட்டாரு.