பழைய லப்டொப்புக்கு அழிறப்பர் வைத்தியமா?

உப்புவெளியான்: நேற்று இங்கே ஒருவர் எழுதியிருந்தார்: "பழைய லப்டொப் அடிக்கடி நின்றால் ராம் என்கிற நினைவகத் தகட்டைக் கழற்றி அழிறப்பரால் தேயுங்கள், நூறு வீதம் சரியாகும்." வாசித்ததிலிருந்து வயிறு எரிகிறது. ராமின் விளிம்பில் மினுங்குவது தங்கப் பூச்சு. பெரும்பாலும் ஒரு மைக்ரோன்கூட வராது. அதைக் கொப்பி அழிக்கிற மாதிரித் தேய்ப்பது வைத்தியமா, கொலையா?

பாலையூற்றான்: எழுதியது நான்தான், பெயரைச் சொல்லியே திட்டலாம். 2013இல் வாங்கியது, மூன்றாம் தலைமுறை ஐ5 சிப், டிடிஆர்3 வகை ராம் இரண்டு. நாளுக்கு ஐந்து தடவை நின்றது. அழிறப்பரால் தேய்த்தேன். இரண்டு மாதம் மூச்சுக் காட்டவில்லை.

உப்புவெளியான்: தேய்த்ததால் இல்லை ஐயா, கழற்றித் திரும்பப் போட்டதால்! ராம் செருகுகிற ஸ்லொட்டில் தொடர்பு விட்டிருக்கும், அழுத்திச் செருகியதும் பிடித்துக்கொண்டது. அழிறப்பர் பக்கத்தில் நின்று பெயர் வாங்கிவிட்டது. துடைக்கத்தான் வேண்டுமென்றால் ஐசோபுரப்பைல் அல்ககோல் இருக்கிறது.

கன்னியாப் பெடியன்: அண்ணைமார், நின்றது என்றால் பிழைச் செய்தியோடு நீலத்திரை வந்து நின்றதா, பட்டென்று அணைந்ததா? இரண்டும் வேறு நோய். பட்டென்று அணைந்தால் முதலில் சூட்டையும் மின்சாரத்தையும் பார்க்க வேண்டும். நீலத்திரை என்றால் ராம், டிரைவர் மென்பொருள், டிஸ்க்.

பாலையூற்றான்: தம்பி, நின்றது என்றால் நின்றதுதான். அழிறப்பர் பெட்டிக்கடையில் கிடைக்கும். அல்ககோலுக்கு எங்கே அலைவது?

உப்புவெளியான்: பார்மசிக்குப் போகப் பஞ்சி என்று சொல்லும்.

பாலையூற்றான்: ஓ, "நீங்கள்" போய் "சொல்லும்" வந்துவிட்டதா? சரி, நானும் கேட்கிறேன். போன வருடம் மூதூரில் வின்டோஸ் போட்டுத் தருகிறேன் என்று ஒரு வீட்டுக் கலியாணப் படங்களை முழுக்க அழித்தது யார்?

உப்புவெளியான்: அது டிஸ்க்கின் பிழை. பேச்சை மாற்ற வேண்டாம். அழிறப்பர்த் துகள் ஸ்லொட்டுக்குள் விழுந்தால்?

பாலையூற்றான்: ஊதிவிட்டால் போகும்.

உப்புவெளியான்: ஊதுவாராம்! எச்சில் ஈரத்தோடு!

டச்சுக்குடா டீச்சர்: எங்கள் வீட்டுக்கும் கடலுக்கும் இடையில் ஒரு றோட்டுத்தான். என்னுடையதும் இப்படித்தான் அணைந்து அணைந்து போனது. அடி மூடியைக் கழற்றினால், ஃபேன் இறகுக்கும் சூடு போகிற செப்புத் தகட்டுக்கும் நடுவில் சாம்பல் நிறத்தில் ஒரு கம்பளம். உப்புக் காற்று பட்டுப் பட்டுத் தூசு களியாகியிருந்தது. பல் துலக்கும் பிரஷால் சுரண்டினேன். சிப்பின் சூட்டைத் தகட்டுக்குக் கடத்துகிற பழைய தெர்மல் பேஸ்ட் சுண்ணாம்பு மாதிரி உதிர்ந்தது. புதிது பூசியபின் பிரச்சினை இல்லை. நூறு பாகையைத் தொடுகிற நேரம் சிப் தன்னைக் காப்பாற்றத் தானே அணைத்துவிடுமாம். கன்னியா வெந்நீர்க் கிணறு ஏழையும் மடியில் வைத்துக்கொண்டு ராமைத் தேய்த்து என்ன பயன்?

உப்புவெளியான்: டீச்சர், நல்லது. ஆனால் இங்கே கதை அழிறப்பரைப் பற்றி.

கிண்ணியா நானா: வின்டோஸ் 10க்கு இலவச ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஓடு முடிந்தது. அதற்குப் பதிலாக லினக்ஸ் இயங்குதளம் போடுங்கள், நிம்மதி.

உப்புவெளியான்: ராம் பழுதென்றால் லினக்ஸும்தான் விழும் நானா. எதற்கெடுத்தாலும் லினக்ஸ்! இன்னொருவர் வின்டோஸின் பதிவுகளைக் காட்டும் ஈவென்ட் வியூவரில் கேர்னல் பவர் 41 என்று இருக்கிறதாம், பவர் சப்ளை போய்விட்டது என்று எனக்கு உள்பெட்டியில் எழுதுகிறார். 41 என்பது ஒழுங்காக மூடாமல் நின்றது என்பதற்கான குறிப்பு. ஏன் நின்றது என்று அது சொல்லாது. ராமைச் சோதிக்கிற மெம்டெஸ்ட்86ஐ யுஎஸ்பியில் ஏற்றி, ஒரு நேரத்தில் ஒரு ராமை மட்டும் போட்டு, இரவு முழுக்க ஓட விட்டுப் பாரும். பிழை காட்டினால் அந்த ராமை எறியும். அழிறப்பருக்கு எங்கே வேலை?

பாலையூற்றான்: இரவு முழுக்க ஓடினால் கரண்ட் பில்லை நீர் கட்டுவீரா?

கிண்ணியா நானா: மெம்டெஸ்ட்டைவிட லினக்ஸ் லேசு.

உப்புவெளியான்: நானா!!

கன்னியாப் பெடியன்: பாலையூற்று அண்ணை, இப்போது எப்படி ஓடுகிறது?

பாலையூற்றான்: நேற்று மத்தியானம் இரண்டு தடவை நின்றது. அது கச்சான் காற்று, அனல் வெயில். அழிறப்பரில் குறையில்லை.

கன்னியாப் பெடியன்: நீலத்திரை வந்ததா அண்ணை?

உப்புவெளியான்: அதை விடு தம்பி. முதலில் எந்த அழிறப்பர் என்று கேள். வெள்ளையா, மை அழிக்கிற நீலமா? நீலத்தில் மணல் மாதிரிச் சொரசொரப்பு இருக்கும்.

பாலையூற்றான்: பென்சிலின் பின்பக்கத்து அழிறப்பர். என்ன இப்போது?