ஸ்டீயரிங் ஸ்க்ரூவில் கை வைக்கலாமா?

அண்ணன்: சித்தப்பா, பழைய காரில் ஸ்டீயரிங் ரொம்ப லூசாகிவிட்டது. நாலு விரல் அகலம் திருப்பினாலும் டயர் அசையவில்லை, நேர் ரோட்டில்கூட இப்படியும் அப்படியும் திருத்திக்கொண்டே ஓட்ட வேண்டியிருக்கிறது. ஸ்டீயரிங் திருப்பத்தைச் சக்கரத்துக்குக் கடத்தும் கியர் பெட்டி, அதுதான் ஸ்டீயரிங் பாக்ஸ், அதன் மேலே உள்ள ஸ்க்ரூவைக் கொஞ்சம் இறுக்கினால் போதும் என்கிறார்கள். இறுக்கட்டுமா?

சித்தப்பா: வேண்டாம்டா. ஆட்டம் எங்கே என்று தெரியாமல் அதில் கை வைக்காதே. சக்கரத்தைத் திருப்பும் கம்பியின் நுனி மூட்டு, அதாவது டை ராட் எண்ட், தேய்ந்திருந்தாலும் இதே மாதிரிதான் இருக்கும், அது கழன்று வந்தால் அந்தச் சக்கரம் ஸ்டீயரிங்குக்குக் கட்டுப்படாது.

அக்கா: ஐயோ, நேற்றுகூட குழந்தைகளை அதில்தானே கூட்டிப்போனோம்

சித்தப்பா: பார்த்து முடிக்கும்வரை வண்டியை எடுக்காதீர்கள் அம்மா. பவர் ஸ்டீயரிங் இல்லாததுதானே?

அண்ணன்: இல்லை, பழைய பாக்ஸ் ஸ்டீயரிங்தான்

சித்தப்பா: அப்படியென்றால் எஞ்சினை ஓடவிட வேண்டாம். டயர் நாலும் தரையில் இருக்கட்டும், சாவியைத் திருப்பி ஸ்டீயரிங் லாக்கை மட்டும் எடு. அக்கா உட்கார்ந்து ஸ்டீயரிங்கை இடமும் வலமுமாகச் சின்னதாக ஆட்டட்டும், நீ ஒவ்வொரு ஜாயிண்ட்டிலும் கை வைத்துப் பார்த்துக்கொண்டே போ. ஜாயிண்ட்டின் இரண்டு பக்கமும் ஒன்றாக அசைந்தால் நல்லது, ஒன்று அசைந்த பிறகு மற்றது அசைந்தால் ஆட்டம் அங்கேதான். மேலே ஸ்டீயரிங் தண்டை பாக்ஸோடு சேர்க்கும் கப்ளிங், அப்புறம் பாக்ஸ், எதிர்ப்பக்கம் கம்பியைத் தாங்கும் ஐட்லர் ஆர்ம், கடைசியில் இரண்டு சக்கரத்தின் டை ராட் எண்ட். ஒன்றையும் விடாதே.

அண்ணன்: பார்த்துவிட்டோம். வலது பக்க எண்ட் டக் டக் என்று ஆடுகிறது, ரப்பர் பூட் கிழிந்து கிரீஸே இல்லை. பாக்ஸ் ஷாஃப்ட்டிலும் லேசான ஆட்டம்.

சித்தப்பா: முதலில் எண்டை மாற்று, இடது பக்கமும் அதே வயதுதான், சேர்த்தே மாற்றிவிடு. கழற்றும்போது எத்தனை சுற்று என்று எண்ணி, புதியதையும் அத்தனை சுற்றே போடு. நட் கழலாமல் பிடிக்கும் ஸ்ப்ளிட் பின் புதிதாக இருக்கட்டும். ஜாக்கியை மட்டும் நம்பிக் கீழே போகாதே, ஸ்டாண்ட் வை. முடிந்ததும் வீல் அலைன்மெண்ட், இல்லையென்றால் டயர் தேய்ந்துவிடும்.

அண்ணன்: அப்புறம் அந்த ஸ்க்ரூ?

சித்தப்பா: இதெல்லாம் முடிந்து ஓட்டிப் பார்த்தும் லூசாக இருந்தால் மட்டும். பாக்ஸ் நடுவில்தான் அதிகம் தேயும். நடுவை மட்டும் பார்த்து இறுக்கிவிட்டால் திருப்பத்தில் பிடித்துக்கொள்ளும், தானாக நேராகத் திரும்பியும் வராது. அதனால் சக்கரத்தை நேராக வைத்து, ஸ்க்ரூவைப் பிடித்திருக்கும் லாக் நட்டைத் தளர்த்தி, ஸ்க்ரூவை ஒரு தடவைக்கு எட்டில் ஒரு பங்கு சுற்றுக்கு மேல் இறுக்காதே. ஒவ்வொரு முறையும் ஸ்டீயரிங்கை இந்தக் கடைசியிலிருந்து அந்தக் கடைசிவரை திருப்பிப் பார், எங்கேயாவது இறுகினால் ஸ்க்ரூவைப் பின்னுக்கு எடு.

அண்ணன்: சரி சித்தப்பா, எண்ட் இரண்டும் வாங்கி வருகிறேன்

அக்கா: வண்டிச் சாவி என்னிடம்தான் இருக்கும்