கார் ஏ.சி.க்கு கேஸ் நிரப்ப எதை நம்புவது: கேஜ் முள்ளையா, தராசையா?

செங்கல்பட்டுக்காரன்
எட்டு ஆண்டு பழைய ஹேட்ச்பேக் ஒன்றை ஓட்டுகிறேன். இரண்டு கோடைகளில் மூன்று முறை ஏ.சி.க்கு கேஸ் நிரப்பியாகிவிட்டது. கடைசியாக நிரப்பி ஒன்பது நாள் ஆகிறது. நெடுஞ்சாலையில் குளிர்கிறது. தாம்பரம் தாண்டி சிக்னல்களில் நிற்கத் தொடங்கினால் ஐந்து நிமிடத்தில் வெதுவெதுப்பான காற்றுதான் வருகிறது. பேனட்டின் அடியில் உள்ள ஸ்டிக்கர், ஆர்134ஏ (குளிர்பதன வாயு) 420 கிராம் என்கிறது. ஆனால் மூன்று முறையும் எந்தப் பணிமனையிலும் தராசைக் காணவில்லை. அழுத்தம் காட்டும் கேஜைப் பார்த்தார்கள், டேஷ்போர்டில் காற்று வரும் மையத் துவாரத்தில் கையை வைத்துப் பார்த்தார்கள், பணம் வாங்கிக்கொண்டார்கள். இந்த வழிமுறை சரிதானா?

தராசுமுள்
சரியில்லை. வீட்டுச் சமையல் எரிவாயு உருளையை நினைத்துப் பாருங்கள். 14.2 கிலோ முழுதாக இருந்தாலும், அடியில் ஒரு கிலோ மிச்சமிருந்தாலும், அடுப்பு ஒரே மாதிரிதான் எரிகிறது. ஏனெனில் உள்ளே திரவம் இருக்கும்வரை அழுத்தத்தை வெப்பநிலைதான் தீர்மானிக்கிறது, அளவு அன்று. அதனால்தான் உருளை கொண்டுவருபவரிடம் எடை போட்டுக் காட்டச் சொல்கிறோம். கார் ஏ.சி.யிலும் அதே இயல்புதான். 35 டிகிரி வெயிலில் நிற்கும் வண்டியில், என்ஜினை நிறுத்திவிட்டு கேஜை மாட்டினால், குழாய்களுக்குள் 150 கிராம் இருந்தாலும் 500 கிராம் இருந்தாலும் முள் ஏறத்தாழ 114 பி.எஸ்.ஐ. (அழுத்த அலகு) அளவில்தான் நிற்கும். உள்ளே இருப்பதை முழுவதுமாக வெளியே எடுத்து, வேக்யூம் போட்டு (பம்பால் உள்ளே வெற்றிடமாக்கி), ஸ்டிக்கரில் உள்ள எடையை நிரப்புவதே முறை.

முப்பதாண்டு ஸ்பேனர்
தம்பி, என்ஜின் நின்றிருக்கும்போது முள்ளைப் பார்த்து கேஸ் போடும் மெக்கானிக் எவரும் இல்லை. நாங்கள் பார்ப்பது ஓடும் அழுத்தம். என்ஜினை 1500 சுற்றில் வைத்து, ப்ளோயரை முழு வேகத்தில் விட்டு, கதவுகளைத் திறந்துவைத்து, கேஸை அழுத்தும் கம்ப்ரசருக்குள் போகும் தாழ் அழுத்தப் பக்கம் (லோ சைடு), அதிலிருந்து வெளிவரும் உயர் அழுத்தப் பக்கம் (ஹை சைடு) இரண்டையும் சேர்த்துப் பார்க்கிறோம். லோ சைடு தாழ்ந்து ஹை சைடும் தாழ்ந்தால் கேஸ் குறைவு. லோ ஏறி ஹை இறங்கினால் கம்ப்ரசர் தளர்ந்துவிட்டது. லோ வேக்யூமுக்குப் போனால், திரவ கேஸை அளந்து விடும் எக்ஸ்பான்ஷன் வால்வில் அடைப்பு. இவற்றில் எதையும் தராசு சொல்லாது. எடை மட்டும் பார்த்து 420 கிராம் போட்டு அனுப்பினால், வால்வு அடைத்த வண்டியும் 420 கிராமோடுதான் போகும்.

செங்கல்பட்டு ஐயாவுக்கு: சிக்னலில் மட்டும் குளிர் போகிறதென்றால் கேஸைத் தொடுவதற்கு முன் கன்டென்சரின் (கேஸின் வெப்பத்தை வெளிக்காற்றில் விடும் பகுதி) ஃபேனைப் பாருங்கள். ஓடும்போது காற்று தானாக வந்து மோதுகிறது. நின்றால் ஃபேன் ஒன்றே கதி. ஃபேன் சரியாக இருந்தால் கன்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் தூசு அடைத்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.

தராசுமுள்
பழுதைக் கண்டுபிடிக்கக் கேஜ் வேண்டும் என்பதை நான் மறுக்கவே இல்லை. அளவைக் கண்டுபிடிக்க அது உதவாது என்பதே என் வாதம். ஓடும் அழுத்தத்துக்கும் அது பொருந்தும். எக்ஸ்பான்ஷன் வால்வும் டிரையரும் (ஈரத்தை உறிஞ்சி, மிகுதித் திரவத்தைத் தாங்கும் சிறு கலன்) உள்ள அமைப்பில் கேஸ் ஏறும்போது அழுத்தமும் முதலில் ஏறும். குளிர்ச்சிக்குத் தேவையான அளவு வந்ததும், மேற்கொண்டு ஏறும் திரவம் டிரையரில் சேமிப்பாகத் தங்குவதால், சிறிது தூரம் முள் அசைவதே இல்லை. டிரையரும் நிறைந்து கன்டென்சரில் திரவம் தேங்கத் தொடங்கிய பிறகுதான் ஹை சைடு எகிறும். அந்த அசையாத இடைவெளிக்குள் நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்பதை எந்த அனுபவமும் சொல்லாது. இதோடு, இன்று பல வண்டிகளில் வருவது தன் கொள்ளளவைத் தானே மாற்றிக்கொள்ளும் கம்ப்ரசர். கேஸ் சற்றுக் குறைந்தாலும் கூடினாலும் லோ சைடை ஒரே இடத்தில் பிடித்து வைப்பதே அதன் வேலை. அந்த முள்ளைப் பார்த்து கேஸ் போடுவது, தானாக நிற்கும் முள்ளுக்கு நாம் பெயர் வாங்குவது போன்றது.

குறைவாகப் போட்டாலும் கேடுதான். கேஸோடு சேர்ந்துதான் ஆயில் சுற்றி கம்ப்ரசருக்குத் திரும்புகிறது. கேஸ் குறைந்தால் கம்ப்ரசர் வறண்டு தேயும்.

முப்பதாண்டு ஸ்பேனர்
சரி, உங்கள் தராசின் கதையையும் பேசுவோம். என்னிடம் வரும் வண்டிகளில் பாதிக்கு ஸ்டிக்கர் கிழிந்திருக்கும். மீதியில் பலவற்றுக்கு வேறு அளவு கன்டென்சர் மாற்றியிருப்பார்கள். ஹோஸ்களில் தங்கும் கேஸ் எங்கே கணக்கில் வருகிறது? 420 கிராமில் 40 கிராம் தவறினால் கிட்டத்தட்ட பத்தில் ஒரு பங்கு. கேஸை மீட்டெடுக்கும் இயந்திரத்தின் விலைக்கு என் கடையின் ஓராண்டு வாடகையைக் கட்டிவிடலாம். இல்லாதவன் உள்ளே இருப்பதைக் காற்றில்தான் திறந்துவிடுவான். அதுவா நல்ல முறை?

சார்ஜா பணிமனை
பதினோரு ஆண்டுகளாக இங்கே ஏ.சி. வேலை பார்க்கிறேன். காற்றில் திறந்துவிடுவதைப் பற்றி ஸ்பேனர் அண்ணன் சொன்னது முக்கியமானது. ஒரு கிலோ ஆர்134ஏ நூறாண்டுக் கணக்கில் ஏறத்தாழ 1,400 கிலோ கரியமில வாயுவுக்கு ஈடாகப் புவியைச் சூடாக்குகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2017 முதல் புதிய கார்களில் இதற்கு இடமில்லை. இதைப் போன்ற வாயுக்களைப் படிப்படியாகக் குறைக்கும் மாண்ட்ரியல் ஒப்பந்தத்தின் கிகாலி திருத்தத்தை இந்தியாவும் 2021இல் ஏற்றுக்கொண்டது.

ஆனால் நீங்கள் இருவரும் அளவைப் பற்றியே பேசுகிறீர்கள். இரண்டு கோடையில் மூன்று முறை கேஸ் போன வழியை யாருமே கேட்கவில்லை. கசிவு பார்க்காமல் நிரப்புவது, கிராம் கணக்கில் நிரப்பினாலும், ஓட்டைக் குடத்தை அளந்து நிரப்புவதுதான்.

முப்பதாண்டு ஸ்பேனர்
வேக்யூம் போட்டு அரை மணி நேரம் முள் நின்றால் கசிவு இல்லை என்று பொருள். எல்லோரும் செய்வது அதுதான்.

சார்ஜா பணிமனை
அண்ணா, அங்கேதான் பலரும் ஏமாறுகிறோம். எவ்வளவு நல்ல பம்ப் போட்டாலும் வேக்யூமில் வெளிக்காற்று உள்நோக்கி அழுத்துவது 14.7 பி.எஸ்.ஐ. மட்டுமே. ஓடும்போது ஹை சைடில் 200க்கு மேல் வெளிநோக்கித் தள்ளுகிறது. வெளியே தள்ளினால் திறக்கும் ஓ-ரிங் (இணைப்பில் உள்ள ரப்பர் வளையம்), உள்ளே இழுக்கும்போது இறுகிக்கொள்ளும். வேக்யூமின் முதன்மையான வேலை காற்றையும் ஈரத்தையும் எடுப்பது. கேஜில் வேக்யூம் 29 அங்குலத்தை (பாதரச அளவு) நெருங்கினால்தான் நம் ஊர் வெப்பத்தில் உள்ளே இருக்கும் தண்ணீர் கொதித்து ஆவியாக வெளியேறும். (இந்த 29ஐ உதகையில் எதிர்பார்க்கக் கூடாது. 2,240 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தமே குறைவு என்பதால் 23 அங்குலத்துக்கு அருகிலேயே முள் நின்றுவிடும். இது தெரியாமல் நல்ல பம்பைப் பழுது என்று கடைக்குத் திருப்பிய நண்பர் ஒருவர் எனக்கு உண்டு.)

கசிவுக்கு உலர்ந்த நைட்ரஜன்தான். உருளையில் இரண்டாயிரம் பி.எஸ்.ஐ.க்கு மேல் இருக்கும் என்பதால் ரெகுலேட்டர் இல்லாமல் தொடவே கூடாது. 150 பி.எஸ்.ஐ. ஏற்றி, இணைப்பு ஒவ்வொன்றிலும் சோப்பு நுரை தடவுங்கள். ஆக்சிஜன் ஒருபோதும் வேண்டாம். ஆயிலோடு சேர்ந்தால் வெடிக்கும். மதியம் 40 டிகிரியில் ஏற்றிய 150, மாலை 30 டிகிரியில் 145 காட்டினால் பதற வேண்டாம். வெப்பம் இறங்கியதால் வரும் குறைவு அவ்வளவுதான். அதற்கும் கீழே போனால் தேடுங்கள்.

இன்னொன்று. ‘நிற்கும் அழுத்தம் எதையும் சொல்லாது’ என்று தராசுமுள் சொல்வதுபோல் தொனிக்கிறது. அளவைத்தான் சொல்லாது, தூய்மையைச் சொல்லும். 35 டிகிரியில் 114க்குப் பதில் 140 நின்றால் உள்ளே காற்று கலந்திருக்கிறது. ஆனால் திட்டமிட்ட கலப்படத்தை இதனால்கூடப் பிடிக்க முடியாது, ஏனெனில் அழுத்தம் பொருந்தும்படிதான் கலக்கிறார்கள். 2011இல் குளிர்பதனக் கப்பல் கண்டெய்னர்கள் சில வெடித்து ஊழியர்கள் இறந்ததற்குக் காரணம், ஆர்134ஏ என்ற பெயரில் விற்கப்பட்ட கேஸில் கலந்திருந்த மெத்தில் குளோரைடு. அது அலுமினியத்தோடு வினைபுரிந்து, காற்றுப் பட்டாலே தீப்பற்றும் பொருளை உண்டாக்கிவிடும். உருளையை வாங்கும் இடத்தில் மலிவு பார்க்காதீர்கள்.

தராசுமுள்
‘அளவு’ என்று அழுத்திச் சொல்லியிருக்க வேண்டும், ஏற்கிறேன். ஹோஸ் பற்றி: நிரப்பி முடித்ததும் ஹை சைடு குழாயை மூடி, வண்டி ஓடும்போதே ஹோஸில் மிஞ்சியதை லோ சைடு வழியாக உள்ளே இழுக்க விட்டால் அந்தப் பிழை சில கிராமுக்குள் அடங்கும். ஸ்டிக்கர் கிழிந்திருந்தால் அந்த மாடலின் எடையைச் சர்வீஸ் கையேட்டில் பார்க்கலாம். கன்டென்சர் மாற்றிய வண்டிக்கு மட்டும் கேஜைத் தவிர வழியில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

செங்கல்பட்டுக்காரன்
அனைவருக்கும் நன்றி. மீட்டெடுக்கும் இயந்திரம் உள்ள பணிமனை ஒன்றில் நேற்று அரை நாள் கூடவே நின்றேன். எது எதனால் சரியானது என்று தெரிய வேண்டும் என்பதற்காக ஒவ்வொரு படிக்குப் பிறகும் வண்டியை நின்ற நிலையில் ஓட்டி, ஹை சைடைக் குறித்துக்கொண்டேன். வெளியே 36 டிகிரி.

போன நிலையில் ஹை சைடு 310 பி.எஸ்.ஐ., மையத் துவாரத்தில் 16 டிகிரி. ஃபேன் நன்றாகவே ஓடியது. ரேடியேட்டரைச் சற்றுத் தள்ளிப் பார்த்தபோது, கன்டென்சரின் பின்புறம் கம்பளியை விரித்ததுபோல் தூசும் பூச்சிச் சிறகும் ஒட்டிக்கிடந்தன. கழுவிய பிறகு 270. அடுத்து கேஸை எடுத்து எடை பார்த்தார்கள். 570 கிராம் வந்தது. நைட்ரஜன் ஏற்றியபோது ஹை சைடு சர்வீஸ் போர்ட்டில் நுரை மெல்ல, கடுகளவு குமிழாகப் பொரிந்தது. அதன் உள்ளிருக்கும் ஊசி வால்வு தளர்ந்திருந்தது. மேலே இருக்க வேண்டிய மூடியும் இல்லை. புது வால்வும் மூடியும் போட்டு, வேக்யூமுக்குப் பிறகு 420 கிராம் ஏற்றியதும் ஹை சைடு 205, துவாரத்தில் 8 டிகிரி.

முப்பதாண்டு ஸ்பேனர்
ஆக, இறங்கிய 105இல் 40 என்னுடையது, 65 தராசுமுள்ளுடையது, குமிழ் சார்ஜாக்காரருடையது. அந்த மூடி தொலைந்தது கேஸ் போட்ட மூன்று கடைகளில் ஒன்றில்தான். தம்பி, ஐந்து கிராம் துல்லியம் உள்ள தராசு போதுமா, ஒரு கிராம் வேண்டுமா?

தராசுமுள்
ஐந்து கிராம் போதும் ஐயா. ஆனால் உருளையோடு பத்துப் பதினைந்து கிலோ வைத்தாலும் அந்தத் துல்லியம் மாறாத தராசா என்று கேட்டு வாங்குங்கள்.