அப்பா அம்மாவை அமெரிக்காவுக்கு அழைக்கிறீர்களா? சேலத்துப் பாலிசியை நிறுத்திவிடாதீர்கள்

தம்பி, சேலம் அஸ்தம்பட்டி வீட்டில் இருக்கும் பெற்றோரின் மருத்துவக் காப்பீட்டுக்கு ஆண்டுதோறும் அறுபதாயிரம் ரூபாய் பிரீமியம் கட்டுவது வீண் செலவாகத் தெரிகிறது என்றும், ஆறு மாதம் இங்கே தங்க வருபவர்கள் பிற்பாடு நிரந்தரமாகவே வந்துவிடுவார்கள் என்பதால் அதை நிறுத்திவிடலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். நிறுத்தாதீர்கள். நானும் சேலத்துக்காரன்தான், இதே தவற்றைச் செய்து பட்டவன் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

விசிட்டர் விசாவில் வருவோருக்கான காப்பீடு, வழுக்கி விழுந்து கை முறிந்தால் உதவும். பல ஆண்டுகளாக இருக்கும் சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் வழக்கமான வைத்தியம் பார்க்க உதவாது. ஆறு மாதத்துக்கான மாத்திரைகளை மருத்துவரின் சீட்டோடு எடுத்துவரச் சொல்லுங்கள்.

நிரந்தரமாக வருவதைப் பற்றித்தான் பலர் தவறாக நினைக்கிறார்கள். நீங்கள் குடியுரிமை பெற்ற பிறகே பெற்றோருக்குக் கிரீன் கார்டு கேட்க முடியும். அது வெகு தூரத்தில் இருக்கிறது. அது கிடைத்துவிட்டாலும், 65 வயது ஆனவுடன் முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேர் வந்துவிடாது. இந்நாட்டில் வேலை செய்து வரி கட்டாதவர்கள், கிரீன் கார்டோடு ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து இங்கே வசித்த பிறகு அதைப் பணம் கொடுத்து வாங்கலாம். 2026ஆம் ஆண்டுக் கணக்கில் மருத்துவமனைப் பகுதிக்கு மாதம் 565 டாலர், மருத்துவர் பகுதிக்கு 202.90 டாலர், அதுவும் தலைக்கு. ஏழைகளுக்கான அரசுக் காப்பீடான மெடிகெய்டுக்கும் 1996ஆம் ஆண்டுச் சட்டம் பொதுவாக அதே ஐந்தாண்டுக் காத்திருப்பை விதிக்கிறது.

இந்த இடைவெளியை ஓரளவு அடைத்தது ஒபாமா காலத்தில், 2010இல், வந்த சட்டம். சர்க்கரை இருக்கிறது என்று சொல்லி எந்த நிறுவனமும் பாலிசி மறுக்கக் கூடாது என்ற விதி 2014 முதல் நடப்பில் இருக்கிறது. முதியவரிடம் இளைஞரைவிட மூன்று மடங்குக்கு மேல் பிரீமியம் வாங்கவும் முடியாது. மெடிகெய்டுக்காகக் காத்திருக்கும் குறைந்த வருமானக் குடியேறிகளுக்குப் பிரீமியத்தில் அரசு மானியமும் கிடைத்தது. நம் பெற்றோரில் பலருக்கு அதுதான் கை கொடுத்தது. வறுமைக் கோட்டுக்குக் கீழே வருமானம் உள்ளவர்களுக்கு அந்தச் சலுகையை 2025ஆம் ஆண்டுச் சட்டம் 2026 முதல் எடுத்துவிட்டது. சரி, உங்கள் வரிக் கணக்கில் அவர்களைச் சேர்த்துக்கொள்ளலாம் என்றால், அப்போது உங்கள் வருமானமும் சேர்த்துப் பார்க்கப்படும்; ஐ.டி. சம்பளத்துக்கு மானியம் கிடைப்பது அரிது.

சட்டத்தை மாற்றிவிடுவார்கள், எல்லோருக்கும் மெடிகேர் வரப்போகிறது என்று நம் நண்பர்கள் பதினைந்து ஆண்டுகளாகச் சொல்லி வருகிறார்கள். 2021இல் உயர்த்திய மானியத்தை 2025 முடிவுக்குப் பின்னும் தொடர்வதா என்ற சண்டையில் அரசு 43 நாட்கள் முடங்கியதையும் பார்த்துவிட்டோம். எந்தக் கட்சி சொல்வது சரி என்று எனக்கும் கருத்து உண்டு. ஆனால் அம்மாவின் இன்சுலினை வாஷிங்டன் வாக்கெடுப்பை நம்பி வைக்க நான் தயாராக இல்லை.

என் கதை இதுதான். என் பெற்றோர் இங்கே வந்தபோது, அம்மாப்பேட்டை முகவரியில் எடுத்திருந்த பாலிசியைப் புதுப்பிக்காமல் விட்டுவிட்டேன். இரண்டு ஆண்டுகள் குளிரோடும் தனிமையோடும் போராடிவிட்டு, ஊருக்கே போகிறோம் என்று இருவரும் கிளம்பிவிட்டார்கள். ஊரில் மீண்டும் பாலிசி கேட்டபோது அவர்கள் புதிய வாடிக்கையாளர்கள் ஆகியிருந்தார்கள். அப்பாவின் சர்க்கரைக்கும் இதயத்துக்கும் காத்திருப்புக் காலம் முதல் நாளிலிருந்து ஆரம்பித்தது. அந்த இடைவெளியில்தான் அவருக்கு ஸ்டென்ட் வைக்க வேண்டியதாயிற்று. செலவு முழுவதும் கையிலிருந்து போயிற்று; நிறுவனத்தைக் குறை சொல்வதற்கில்லை.

இப்போது இந்தியாவில் விதிகள் கொஞ்சம் இளகியிருக்கின்றன. முன்பே உள்ள நோய்களுக்கான காத்திருப்பு 2024 முதல் அதிகபட்சம் மூன்று ஆண்டுகள். முன்பு அது நான்கு. தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் பாலிசி ஓடிவிட்டால், எதையோ மறைத்தீர்கள் என்று சொல்லி, மோசடி நிரூபணமானாலொழிய, கிளெய்மை மறுக்க முடியாது. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர், குடும்ப பாலிசிகளுக்கு ஜி.எஸ்.டி.யும் இல்லை. இந்தச் சலுகைகளில் முதல் இரண்டும் பாலிசி அறுபடாமல் ஓடினால்தான் பயன் தரும்.

முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்ட அட்டை இருக்கிறதே என்று நினைக்க வேண்டாம். அது குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருப்போருக்கு.

ஆகவே பிரீமியத்தை வெளிநாட்டில் இருப்பவராக நீங்கள் இந்தியாவில் வைத்திருக்கும் என்.ஆர்.ஓ. வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் போகும்படி வைத்துவிடுங்கள். பெற்றோர் இங்கே இருக்கும் மாதங்களில் அப்பாவின் சேலத்து செல்போன் எண்ணுக்கும் ரீசார்ஜ் செய்துகொண்டே இருங்கள். புதுப்பிக்கும் நாளில் ஓ.டி.பி. அந்த எண்ணுக்குத்தான் வரும்.